விளையாட்டுக் கேள்வி-பதில்: எல்லாக் காலத்திலும் மோசமான தெரிவு எது?

இம்மாதம் விளையாட்டுப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே விடயத்தைப் பற்றியவை. உப்புவெளியில் ஒரு விளையாட்டுக் கழகத்து இளைஞர்கள் மூட்டிய வாக்குவாதம் கடற்கரை வழியாக நகருக்குள் வந்து, பாலங்களைக் கடந்து கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போயிருக்கிறது போலும். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் புதல்வர்கள் இருவரும் இரவுச் சாப்பாட்டின்போதும் ‘டிராஃப்ட்’, ‘டிராஃப்ட்’ என்று சண்டையிடுகிறார்கள். ஐ.பி.எல். ஏலத்தை நான் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். இது அதுவா, வேறா?
— ஒரு தாய், உவர்மலை

வேறு, அம்மா. ஏலத்தில் வீரர் யாருக்கு என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. டிராஃப்டில் வரிசை தீர்மானிக்கிறது. லீக்கில் புதிதாகச் சேர வரும் இளம் வீரர்களின் பெயர்கள் ஒரு பட்டியலில் இருக்கும். அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு முறைக்கு ஒருவராக, அவர்களைத் தெரிவு செய்துகொண்டே போகும். முந்தைய பருவத்தில் மிக மோசமாக விளையாடிய அணிக்கே முதல் இடம் என்பது இதன் அடிப்படை விதி. வலியவன் மேலும் வலியவனாகிக்கொண்டே போனால் ஆட்டம் பார்க்க ஆளிருக்காது என்ற கணக்கில், 1935ஆம் ஆண்டு பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பேர்ட் பெல் இந்த யோசனையை முன்வைத்தார். அவருடைய அணிதான் அப்போது அடிமட்டத்தில் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1936இல் அமெரிக்க ஃபுட்பால் லீக்கில் முதல் டிராஃப்ட் நடந்தது. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்பது பெரும்பாலும் கையால் எறிந்து ஆடும் ஆட்டம், நம் உதைபந்தாட்டம் அன்று. அந்த முதல் டிராஃப்டில் முதலாவதாகத் தெரிவான ஜே பெர்வாங்கர் என்ற பல்கலைக்கழக வீரர், சம்பளப் பேச்சு சரிவராமல், தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமலே வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆக, வரலாற்றின் முதல் தெரிவே வீணான தெரிவு. உங்கள் புதல்வர்களுக்கு இதை நீங்கள் சொன்னால் ஒரு வேளைச் சாப்பாடாவது அமைதியாக நடக்கும்.

நமது லங்கா பிரீமியர் லீக் 2020இல் தொடங்கியபோது வீரர்களை டிராஃப்ட் முறையில்தான் எடுத்தார்கள். 2023இல்தான் ஏலத்துக்கு மாறினார்கள். ஆனால் நாம் இதற்கெல்லாம் முன்பே ஒரு முறை வைத்திருந்தோம். கிளித்தட்டுக்கு உத்தி பிரித்ததை நினைத்துப் பாருங்கள். சம வலுவுள்ள இருவர் தோளில் கைபோட்டபடி ஒதுங்கிச் சென்று, ஒருவர் சூரியன் என்றும் மற்றவர் சந்திரன் என்றும் பெயர் வைத்துக்கொண்டு திரும்பிவந்து, தலைவர்களிடம் எது வேண்டும் என்று கேட்பார்கள். பெயருக்குப் பின்னால் நிற்பவர் யாரென்று தெரியாமலே கேட்க வேண்டியிருந்ததால், தவறான ஆளை எடுத்துவிட்டாய் என்று தலைவரை எவரும் பழிக்க முடியாது. அமெரிக்க டிராஃப்டில் ஆள் யாரென்று தெரியும், அவர் எவ்வளவு உயரம் தாவுவார் என்பதும் தெரியும், மருத்துவ அறிக்கையும் கையில் இருக்கும். அதனால்தான் அங்கே பழியும் பெரிது.

எங்கள் கழகத்தில் மூன்று கட்சிகள். மிக மோசமான தெரிவு 1984இல் சாம் போவி என்கிறது ஒரு கட்சி. 1998இல் ரயன் லீஃப் என்கிறது அடுத்தது. 2003இல் டார்கோ மிலிசிச் என்கிறது மூன்றாவது. தோற்கும் இரண்டு கட்சிகளும் சேர்ந்து முழுக் கழகத்துக்கும் கொத்துரொட்டி வாங்கித் தர வேண்டும் என்பது பந்தயம். நீங்கள்தான் நடுவர்.
— கழக உறுப்பினர்கள், உப்புவெளி

நடுவருக்குக் கொத்துரொட்டி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, இருக்கட்டும். தீர்ப்புக்கு முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீரர் பின்னாளில் எப்படி ஆனார் என்பதை வைத்து, அவரைத் தெரிவு செய்தவரின் அறிவை அளக்கக்கூடாது. அது பின்புத்தி, அது எல்லாருக்கும் வரும். அந்த மாலையில், பெயரை வாசிக்கும் முன், அந்த அணியின் கையில் என்னென்ன தகவல்கள் இருந்தன, அவற்றை வைத்து நிதானமான ஒருவர் அந்த முடிவுக்கு வந்திருப்பாரா என்பதுதான் கேள்வி. இழப்பு எவ்வளவு பெரியது என்பது வேறு கேள்வி. உங்கள் கழகத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதால்தான் வாக்குவாதம் இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது.

சாம் போவியை எடுத்துக்கொள்வோம். 1984ஆம் ஆண்டு என்.பி.ஏ. கூடைப்பந்தாட்ட டிராஃப்டில் முதல் இடம் யாருக்கு என்பதை அக்கால வழக்கப்படி, இரு பிராந்தியங்களின் அடிமட்ட இடங்களுக்கிடையே நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் வென்றது, போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ் தோற்றது. போர்ட்லாண்ட் அந்தப் பருவத்தில் 48 ஆட்டங்களை வென்ற நல்ல அணி. அடிமட்ட அணி அன்று. மூன்றாண்டுகளுக்கு முன் டொம் ஓவன்ஸ் என்ற வீரரை இண்டியானா பேசர்ஸ் அணிக்குக் கொடுத்து, பதிலாக அவர்களுடைய 1984ஆம் ஆண்டு முதற்சுற்றுத் தெரிவு உரிமையை வாங்கி வைத்திருந்தது. இண்டியானா அடிமட்டத்துக்கு விழ, அந்த உரிமை பொன்னாகிவிட்டது. நல்ல வியாபாரத்தில் கிடைத்த உரிமையை அடுத்த படியில் எப்படிச் செலவழித்தார்கள் என்பதே கதை.

ஹூஸ்டன் ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்தது. இரு முறை கிண்ணம் வென்று தந்தவர் அவர், அதில் எவருக்கும் குறையில்லை. இரண்டாவதாகப் போர்ட்லாண்ட் ஏழடி ஓரங்குல உயரமுள்ள சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாக சிகாகோ புல்ஸ் மைக்கல் ஜோர்டானை எடுத்தது. போர்ட்லாண்ட் தரப்பின் நியாயம் இதுதான்: ஜோர்டான் ஆடும் இடத்தில் தங்களிடம் முந்தைய ஆண்டு எடுத்த கிளைட் ட்ரெக்ஸ்லர் இருக்கிறார், ஜிம் பாக்ஸன் இருக்கிறார், நடுவில் நிற்க உயரமான ஆள்தான் இல்லை. அக்காலத்தில் உயரமான நடுவீரர் இல்லாமல் கிண்ணம் வெல்ல முடியாது என்பது வேதவாக்காக இருந்தது. போர்ட்லாண்டே 1977இல் பில் வால்டன் என்ற நடுவீரரை வைத்துத்தான் கிண்ணத்தை வென்றிருந்தது. இந்த நியாயத்தை நான் முட்டாள்தனம் என்று தள்ளமாட்டேன்.

ஆனால் போவியின் இடது கால் எலும்பு கென்டக்கி பல்கலைக்கழகத்தில் அவருக்கு இரண்டு முழுப் பருவங்களை இழக்கச் செய்திருந்தது. அது பகிரங்கமாகத் தெரிந்த செய்தி. போர்ட்லாண்டின் வைத்தியர்கள் நீண்ட நேரம் பரிசோதித்தார்கள். சிறிய சுத்தியலால் அந்தக் காலில் தட்டியபோது வலியில்லை என்று தாம் சொன்னதாகவும், உண்மையில் உள்ளூர வலித்ததாகவும் போவி பல்லாண்டுகள் கழித்து ஓர் ஆவணப்படத்தில் ஒப்புக்கொண்டார். வறுமையிலிருந்து குடும்பத்தைத் தூக்கிவிடும் வாய்ப்பு முன்னால் நிற்க, ஓர் இளைஞன் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டான் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். உங்களில் எவரும் உண்மையைத்தான் சொல்லியிருப்போம் என்று சத்தியம் செய்ய வேண்டாம். போர்ட்லாண்டில் ஐந்து பருவங்களில் அவர் ஆடியவை 139 ஆட்டங்கள் மட்டுமே. ஒரு பருவம் முழுவதும் ஆடவே இல்லை. பின்னர் நியூ ஜேர்சி அணிக்குப் போய் நான்கு பருவங்கள் ஓரளவு நிறைவாகவே ஆடினார் என்பதையும் அவருக்கு நீதியாகச் சொல்ல வேண்டும். மறுபக்கம் ஜோர்டான் முதற்பருவத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரி 28.2 புள்ளிகள் எடுத்தார், ஆறு கிண்ணங்களை வென்றார். 1992இல் இறுதித் தொடருக்கு வந்த போர்ட்லாண்டை எதிர்த்து முதல் ஆட்டத்தின் முதற்பாதியிலேயே 35 புள்ளிகளைக் குவித்தார்.

இழப்பின் கணக்கில் இதற்கு நிகர் இல்லை. முடிவின் கணக்கில்? அந்த மாலையில் ஜோர்டான் இவ்வளவு பெரியவராவார் என்று அவரை எடுத்த சிகாகோவுக்கே தெரியாது. போர்ட்லாண்டின் தவறு ஜோர்டானை விட்டது அன்று, போவியின் காலை நம்பியது. அதிலும் பாதித் தவறு அவர்களை ஏமாற்றிய அந்தப் பதிலின் மேல் விழுகிறது. தீர்ப்பின் மிச்சத்தை மூதூர் வாசகருக்கான பதிலில் சொல்கிறேன்.

2007இல் கெவின் டூராண்டை விட்டு கிரெக் ஓடனை எடுத்ததும் இதே போர்ட்லாண்ட்தானே? சூடு கண்ட பூனைக்குள்ள அறிவுகூட இல்லையா?
— கிண்ணியா வாசகர்

பூனையைப் போர்ட்லாண்டுடன் ஒப்பிட வேண்டாம். ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தை அவ்வாண்டுத் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்ற ஏழடி வீரர் ஓடன். அந்தப் பருவத்தின் ஒரு பகுதியை அடிபட்ட மணிக்கட்டோடு ஆடியவர். பெரும்பாலான அணிகள் அவரையே முதலாவதாக எடுத்திருக்கும். டூராண்டோ, டிராஃப்டுக்கு முந்தைய உடற்சோதனையில் 185 இறாத்தல் எடையை ஒரு தடவைகூட மார்பிலிருந்து உயர்த்த முடியாமல் நின்றார். ஓடனின் முழங்கால்கள் அடுத்தடுத்துப் பழுதடைந்து, அவர் போர்ட்லாண்டுக்காக 82 ஆட்டங்களே ஆடினார். ஒரே ஒரு பருவத்தின் ஆட்ட எண்ணிக்கை அது. இது துரதிர்ஷ்டம். இதைத் தவறான தெரிவுகளின் பட்டியலில் சேர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ரயன் லீஃப் பற்றி இணையத்தில் கேலிச்சித்திரங்களைத்தான் பார்க்கிறோம். உண்மையில் அவர் அவ்வளவு மோசமானவரா, அல்லது பெய்டன் மானிங்கோடு ஒரே ஆண்டில் வந்ததுதான் அவர் செய்த குற்றமா?
— ஓர் ஆசிரியர், திருகோணமலை நகர்

இரண்டும். இருவரும் அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர்கள். 1998இல் யாரை முதலாவதாக எடுப்பது என்று இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் உண்மையிலேயே யோசித்தது. லீஃபின் கை மானிங்கின் கையைவிட வலியது என்று சொன்னவர்கள் குறைவல்லர். இறுதியில் அவர்கள் மானிங்கை எடுக்க, இரண்டாவது இடத்தில் நின்ற சான் டியாகோ சார்ஜர்ஸ் லீஃபை எடுத்தது. அந்த இரண்டாவது இடத்தைப் பெறுவதற்காக, மூன்றாவது இடத்திலிருந்து ஒரே ஒரு படி மேலே ஏற, அரிசோனா அணிக்கு அடுத்த ஆண்டின் முதற்சுற்று உரிமை, ஓர் இரண்டாம் சுற்று உரிமை, இரண்டு வீரர்கள் ஆகியவற்றையும் அது கொடுத்திருந்தது. ஒரு படிக்கு இவ்வளவு விலை!

லீஃப் முதல் இரு ஆட்டங்களை வென்று தந்தார். மூன்றாவது ஆட்டத்தில் 15 தடவை எறிந்து ஒன்றை மட்டுமே தம் ஆளிடம் சேர்த்தார். அதில் முன்னேறிய தூரம் நான்கு யார். மறுநாள் உடைமாற்றும் அறையில் ஒரு செய்தியாளரை நோக்கி அவர் கத்தியது ஒளிப்பதிவாகி நாடெங்கும் ஓடியது. அவருடைய முழு வாழ்க்கைக் கணக்கு: புள்ளி பெற்றுத்தரும் ‘டச்டவுன்’ எறிகள் 14, எதிரணியிடம் பறிகொடுத்தவை 36. மானிங் ஐந்து முறை லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருதைப் பெற்றார், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் போலை இரண்டு முறை வென்றார்.

எறியும் கையை அளக்கக் கருவி உண்டு. தோல்வியை ஒருவர் எப்படித் தாங்குவார் என்பதை அளக்க இல்லை. மாணவர்களை ஆண்டுக்கணக்காகப் பார்க்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. லீஃப் பின்னர் வலிநிவாரணி மாத்திரைகளுக்கு அடிமையாகிச் சிறை சென்று, 2014இல் வெளிவந்து, இன்று அந்த அடிமைத்தனத்திலிருந்து மீள்வது பற்றிப் பிறருக்குப் பேசிவருகிறார். கேலிச்சித்திரம் வரைபவர்கள் அந்தப் பாதியை வரைவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். லீஃபின் புண்ணியத்தில் சான் டியாகோ 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் 16 ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்று அடிமட்டத்துக்குப் போனது. அதனாலேயே 2001 டிராஃப்டில் முதல் இடம் கிடைத்தது. அந்த இடத்தை விற்று ஐந்தாவது இடத்துக்கு இறங்கி லடேனியன் டொம்லின்சனையும், 32ஆவதாக ட்ரூ பிரீஸையும் எடுத்தது. இருவரும் அந்த ஆட்டத்தின் பெரும் பெயர்கள். மோசமான தெரிவுக்கு லீக் தரும் தண்டனை அடுத்த ஆண்டில் நல்ல தெரிவு. பேர்ட் பெல் போட்ட விதியின் விநோதம் இது.

கிரிக்கெட்டில் உதாரணம் சொல்லுங்கள். ரிஷப் பந்த்துக்கு 27 கோடி கொடுத்தது மோசமான தெரிவுகளில் சேருமா?
— நிலாவெளி வாசகர்

பந்த்தின் கதை ஏலம். 2025ஆம் ஆண்டுப் பருவத்துக்கான ஏலத்தில் லக்னோ அணி 20.75 கோடி இந்திய ரூபாய்க்குக் கேட்டது. பழைய அணியான டில்லி அந்த விலைக்கே திரும்பப் பெற முயன்றபோது லக்னோ ஒரேயடியாக 27 கோடிக்கு உயர்த்தியது. அந்தப் பருவத்தில் அவர் எடுத்தது 269 ஓட்டங்கள், அவற்றுள் 118 கடைசி ஆட்டத்தில் வந்தவை. வலிக்கத்தான் செய்யும். என்றாலும் ஏலத்தில் விலையை ஏற்றுவது அடுத்தவன் கை. டிராஃப்டில் பழியைப் பங்குபோட ஆளில்லை.

நீங்கள் கேட்டதற்குச் சரியான உதாரணம் 2008இல் இருக்கிறது, பலர் மறந்துவிட்டார்கள். முதலாவது ஐ.பி.எல். தொடருக்கு மூத்த வீரர்களை ஏலத்தில் எடுத்தவர்கள், 19 வயதுக்குட்பட்ட இந்திய அணியினரை மட்டும் டிராஃப்ட் முறையில் பங்கிட்டார்கள். அந்த அணி அப்போதுதான் மலேசியாவில் உலகக் கிண்ணத்தை வென்று திரும்பியிருந்தது. அதன் தலைவர் விராட் கோலி, டில்லிப் பையன். டில்லி டெயார்டெவில்ஸ் அணிக்கு அவரை எடுக்கும் வாய்ப்பு இருந்தது. அவர்கள் எடுத்தது அதே அணியில் ஆடிய, அதே டில்லியைச் சேர்ந்த இடதுகை வேகப்பந்துவீச்சாளர் பிரதீப் சங்வானை. காரணம் உங்களுக்கு இப்போது பழக்கமாகியிருக்கும்: துடுப்பாட்டத்துக்குச் சேவாக் இருக்கிறார், கம்பீர் இருக்கிறார், ஷிகர் தவான் இருக்கிறார், டி வில்லியர்ஸ் இருக்கிறார், நம் டில்ஷானும் இருக்கிறார். இடம் இல்லை; பந்துவீச்சாளர்தான் தேவை. ட்ரெக்ஸ்லர் இருக்கிறார் என்று போர்ட்லாண்ட் சொன்னதை டில்லி 24 ஆண்டுகள் கழித்து வேறு ஆட்டத்தில் திரும்பச் சொன்னது.

கோலியை பெங்களூர் எடுத்தது. முதற்பருவம் முடிந்தபோது யார் சரி என்று கேட்டிருந்தால், டில்லி என்றே நானும் சொல்லியிருப்பேன். கோலி 13 ஆட்டங்களில் 165 ஓட்டங்களே எடுத்தார். பெங்களூர் எட்டு அணிகளில் ஏழாவது. டில்லி அரையிறுதிக்குப் போனது. 2016இல் அதே கோலி ஒரே பருவத்தில் நான்கு சதங்களோடு 973 ஓட்டங்களை எடுத்தார். 2025இல் பெங்களூர் முதற்தடவையாகக் கிண்ணத்தை வென்றபோது அவர் அதே அணியில்தான் நின்றார். அந்த 2025 வரை டில்லியிடம் ஒரு கிண்ணமும் இல்லை. ஆயினும் டில்லியை நான் கடுமையாகக் குற்றம் சொல்லமாட்டேன். அந்த முறை ஓர் அணிக்கு ஓரிரு சிறுவர்களையே தந்தது, முன்வரிசையில் நின்றவர்களோ சாதாரணமானவர்கள் அல்லர். ஆனால் அப்போது 29 வயதான சேவாக்கின் இடம் எத்தனை ஆண்டுக்கு நிறைந்திருக்கும் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

டார்கோ மிலிசிச்சை எடுத்த டெட்ரோய்ட் அடுத்த ஆண்டே கிண்ணத்தை வென்றதே! வென்ற அணியின் தெரிவை எப்படி மோசமானது என்பது?
— மூதூர் வாசகர்

உப்புவெளித் தம்பிமாரும் இங்கே கவனிக்கவும்.

2003 என்.பி.ஏ. டிராஃப்டில் முதலாவது லெப்ரான் ஜேம்ஸ், கிளீவ்லாண்டுக்கு. இரண்டாவது இடம் டெட்ரோய்ட் பிஸ்டன்ஸ் கையில் இருந்தது. அவர்கள் அடிமட்டத்துக்குப் போய்ப் பெற்ற இடம் அன்று அது. 1997இல் ஓடிஸ் தோர்ப் என்ற மூத்த வீரரை அக்காலத்து வான்கூவர் கிரிஸ்லீஸ் அணிக்குக் கொடுத்து வாங்கிய உரிமை அது. இடங்களைத் தீர்மானிக்கும் குலுக்கலில் முதலாவது இடம் விழுந்தால் மட்டும் கிரிஸ்லீஸ் தானே வைத்துக்கொள்ளலாம் என்று உடன்பாடு. இரண்டாவது விழுந்தது. ஆக, கிண்ணத்துக்குப் போட்டியிடும் வலிய அணிக்கு ஒரு பொன்னான இடம் இலவசமாக வந்து சேர்ந்தது.

அப்போது பட்டியலில் மீதமிருந்தவர்களைப் பாருங்கள். கார்மெலோ அந்தனி, முதலாம் ஆண்டு மாணவராகவே சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டின் தேசியக் கிண்ணத்தை வென்று கொடுத்தவர். டுவேன் வேட், மார்க்கெட் பல்கலைக்கழகத்தைத் தனியாளாகவே இழுத்துக்கொண்டு தேசிய அரையிறுதி வரை போனவர். கிறிஸ் போஷும் இருந்தார். இவர்களுடைய ஆட்டத்தை அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. டெட்ரோய்ட் எடுத்ததோ, செர்பியாவிலிருந்து வந்த, 18 வயது நிரம்பி ஆறு நாளே ஆன, ஏழடி உயர மிலிசிச்சை. அவரைப் பயிற்சிக்கூடத்தில் பார்த்து வியந்தார்கள். அந்தனியை விட்டதற்கு அவர்கள் சொன்ன நியாயம், அந்த இடத்தில் டெஷோன் பிரின்ஸ் இருக்கிறார் என்பது. மறுபடியும் அதே ‘இடம் இல்லை’.

இனி அந்தச் சிறுவனின் நிலையைப் பாருங்கள். கிண்ணத்துக்கு ஓடும் அணியில், புதியவர்களை ஆடவிடுவதில் அவ்வளவு விருப்பமில்லாத லாரி பிரவுன் என்ற பயிற்றுநரின் கீழ், வாங்குக் கோடியில் அவரை உட்காரவைத்தார்கள். முதற்பருவத்தில் 34 ஆட்டங்களில் இறங்கி, சராசரி 1.4 புள்ளிகள். அணி 2004இல் லேக்கர்ஸை வீழ்த்திக் கிண்ணத்தை எடுத்தது. உங்கள் வாதம் இங்கே நிற்கிறது. ஆனால் கதை 2004இல் நிற்கவில்லை. 2005 இறுதித் தொடரில் டெட்ரோய்ட் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. ஒரே ஒரு நல்ல ஆள் கூடுதலாக இருந்திருந்தால் என்று நினைக்காத டெட்ரோய்ட் ரசிகர் இருக்கமாட்டார். 2006 பெப்ரவரியில் மிலிசிச்சை ஓர்லாண்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டு கிழக்குப் பிராந்திய இறுதியில் டெட்ரோய்ட்டை வெளியேற்றி, பின்னர் கிண்ணத்தையும் தூக்கிய மயாமி அணியின் நாயகன் யார்? மூன்றாண்டுகளுக்கு முன் அவர்கள் கையெட்டும் தூரத்தில் நின்ற டுவேன் வேட்.

ஆகவே எனது தீர்ப்பு: பேரிழப்பு போவி, மோசமான முடிவு மிலிசிச். போர்ட்லாண்டுக்கு உண்மையான தேவை இருந்தது, அதற்குப் பொய்யான மருத்துவத் தைரியமும் கிடைத்தது. சான் டியாகோ பலர் விரும்பிய ஒருவரையே அளவுக்கு மீறிய விலை கொடுத்து எடுத்தது. டெட்ரோய்ட்டுக்கோ அவசரமும் இல்லை, தகவல் பஞ்சமும் இல்லை. கண்டவர்களை விட்டுக் காணாதவரை எடுத்து, எடுத்தவரை ஆடவும் விடவில்லை. மூன்றாவது கட்சி வென்றது. போவிக் கட்சியும் லீஃப் கட்சியும் கொத்துரொட்டிக்கு ஏற்பாடு செய்யலாம். மிலிசிச்சைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு செய்தி: அவர் செர்பியாவுக்குத் திரும்பிப் பழத்தோட்டம் வைத்து விவசாயம் செய்கிறார்.

அமெரிக்க ஃபுட்பாலில் யாரும் கண்டுகொள்ளாமல் பின்னால் எடுக்கப்பட்டு ஓங்கியவர் டொம் பிரேடி. அவரை முன்னால் விட்ட எல்லா அணிகளும் மோசமான தெரிவு செய்தவைதானே?
— பாலையூற்று வாசகர்

2000ஆம் ஆண்டு 199ஆவதாக எடுக்கப்பட்ட பிரேடி ஏழு சூப்பர் போல் கிண்ணங்களை வென்றவர் என்பது சரி. ஆனால் அவரை எடுத்த நியூ இங்கிலாந்தே அதே டிராஃப்டில் அவருக்கு முன் ஆறு பேரை எடுத்திருந்தது. எல்லாரும் தவறவிட்டால் அது தவறே அல்ல.

இப்போதெல்லாம் இப்படிப்பட்ட பெரும் பிழைகள் குறைந்துவிட்டனவா?
— சீனக்குடா வாசகர்

பிழைகள் குறையவில்லை, கூடைப்பந்தாட்டத்தில் 2013இல் கிளீவ்லாண்ட் முதலாவதாக அந்தோனி பெனட்டை எடுத்தது. பின்னாளில் பெரும் நட்சத்திரமான கியானிஸ் அன்டெட்டோகும்போ 15ஆவதாகத்தான் போனார். பிழைக்குக் கொடுக்கும் காசுதான் குறைந்திருக்கிறது. ஃபுட்பாலில் 2010இல் முதலாவதாகத் தெரிவான சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தத்தில் 50 மில்லியன் டொலருக்கு உத்தரவாதம் இருந்தது. 2011இல் புதியவர்களுக்குச் சம்பள வரம்பு போட்டபின், அவ்வாண்டு முதலாவதான காம் நியூட்டனின் முழு நான்காண்டு ஒப்பந்தமே 22 மில்லியன்தான்.

நீங்களும் ஒரு காலத்தில் தெரிவுக்குழுவில் இருந்தவர் என்று கேள்விப்பட்டேன். ஊரார் பிழையை எல்லாம் சொல்கிறீர்கள். உங்களுடையது?
— பெயர் வேண்டாம், அன்புவழிபுரம்

கேட்டுவிட்டீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வயதுப்பிரிவு உதைபந்தாட்ட அணிக்குத் தெரிவு நடந்தது. எந்த அணி, எந்த ஆண்டு என்பது வேண்டாம். கொட்டியாரக்குடாவின் அக்கரையிலிருந்து வந்திருந்த ஒரு மெலிந்த பையன் இடதுபுறத்தில் ஓடிய ஓட்டத்தை மூவர் குழுவில் மூவருமே கண்டோம். சப்பாத்து இரவல் என்பது கட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது. இடதுபுறத்துக்கு எங்களிடம் ஏற்கெனவே இருவர் இருந்தார்கள், கோல்காப்பாளர்தான் இல்லை. பெயர்ப்பட்டியலில் அவனுடைய பெயருக்கு நேரே கோடு போட்டது என் பேனை. எடுத்த கோல்காப்பாளர் இரண்டு ஆட்டங்களோடு ஊரை விட்டே போய்விட்டார். அந்தப் பையன் அடுத்த ஆண்டு வேறோர் அணிக்கு ஆடி, எங்களுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தான்.

இப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. மீன்சந்தையில் எப்போதாவது காண்பேன். சிரித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “என்ன சேர், இந்த முறையாவது இடம் இருக்கோ?”